பூட்டைத் திறந்த பரீட்சை: கேரள அரசுப் பள்ளிகளுக்குக் கணினி வந்த கதை

நான் படித்த பள்ளியில் கம்ப்யூட்டர் அறைக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தலைமையாசிரியரிடம், இன்னொன்று அலுவலக உதவியாளரிடம். இரண்டு பேரும் ஒரே நாளில் பள்ளிக்கு வந்து, இரண்டு பேருக்கும் மனசும் வந்தால் கதவு திறக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு வரிசையாக உள்ளே போவோம். நான்கு மெஷின், நான்குக்கும் பூப்போட்ட துணி உறை. ஆயுத பூஜை அன்று உறையைக் கழற்றி மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். மூன்று வருடத்தில் நான் மவுஸைத் தொட்டது ஐந்தாறு தடவை இருந்தால் அதிகம். யாரையும் குறை சொல்ல முடியாது. “கெட்டுப்போனா யார் பதில் சொல்றது?” என்ற பயம் தலைமையாசிரியருக்கு. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் பூட்டித்தான் வைத்திருப்பேன்.

அதே ஆண்டுகளில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், இதே மாதிரியான அரசுப் பள்ளிகளில், கதவைத் திறந்தே ஆக வேண்டும் என்ற நிலையை உருவாக்கிவிட்டார்கள். வசதி குறைந்த நாட்டில் குறைந்த செலவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி கற்றுக்கொடுப்பது எப்படி என்று கேட்டால், உலகம் முழுக்கப் பல பதில்கள் உண்டு. பெரும்பாலும் அவை “மலிவான மெஷின்” என்ற இடத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். கேரளம் வேறு இடத்தில் தொடங்கியது. என் கணிப்பில் அங்கே காசை மிச்சப்படுத்தியது மெஷினும் இல்லை, மென்பொருளும் இல்லை. முதல் காரணம் ஒரு பரீட்சை, இரண்டாவது காரணம் ஏற்கெனவே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த வாத்தியார்கள். அதனால்தான் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன்.

தொடக்கம்

பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பத்தைக் கொண்டுவருவது பற்றி ஆராய, இஸ்ரோவின் முன்னாள் தலைவர் யு.ஆர்.ராவ் தலைமையில் கேரள அரசு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழுவின் பரிந்துரையை ஒட்டி 2001இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கியது. முதலில் உயர்நிலை வகுப்புகள் மட்டும், அதாவது எட்டு முதல் பத்து வரை.

மெஷின் எங்கிருந்து வந்தது? ஒரே இடத்திலிருந்து வரவில்லை. எம்.பி., எம்.எல்.ஏ. தொகுதி நிதியில் கொஞ்சம், பஞ்சாயத்திலிருந்து கொஞ்சம், பெற்றோர் ஆசிரியர் கழகம் வசூல் செய்து கொஞ்சம். ஒரு பள்ளியில் இருக்கும் மாதிரி அடுத்த பள்ளியில் இருக்காது. ஒரே அறைக்குள்ளேயே பழசும் புதுசும் கலந்து கிடக்கும். இந்தக் கலவைதான் பின்னால் நடந்த ஒரு பெரிய முடிவுக்கு அடிப்படை என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

பாடநூல் தொடக்கத்தில் விண்டோஸை வைத்துத்தான் எழுதப்பட்டது. ஆசிரியர் பயிற்சிக்கு இன்டெல் நிறுவனத்தின் திட்டம் கை கொடுத்தது. சரி, இலவசமாகப் பயிற்சி கிடைக்கிறது, வாங்கிக்கொள்வதில் என்ன தப்பு என்று தோன்றும். ஆனால் அந்த ஊர் ஆசிரியர் சங்கம் வேறு மாதிரி யோசித்தது. அரசுப் பாடநூலில் ஒரு கம்பெனியின் பொருளை எழுதிவிட்டால், ஒவ்வொரு பள்ளியும் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்க முடியாத பள்ளி திருட்டுக் காப்பி போட வேண்டும். வகுப்பில் வாத்தியார் திருட்டுக் காப்பியில் பாடம் நடத்துவது எப்படி இருக்கும்? யாரும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், நகலெடுத்துப் பகிரலாம் என்கிற மென்பொருளைக் கட்டற்ற மென்பொருள் என்பார்கள். அந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலையில் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்திருந்தார். அதையொட்டி அந்த ஊரில் இருந்த ஆர்வலர்களும், கே.எஸ்.டி.ஏ. எனப்படும் ஆசிரியர் சங்கமும் ஒரே குரலில் பேச ஆரம்பித்தார்கள்.

அரசு உடனே மாறிவிடவில்லை. சில ஆண்டுகள் இரண்டும் ஓடின. லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தில் நடத்துகிற பள்ளி லினக்ஸ், விண்டோஸில் நடத்துகிற பள்ளி விண்டோஸ். 2006இல் வி.எஸ்.அச்சுதானந்தன் முதல்வரான பிறகு காற்று ஒரே பக்கம் அடித்தது. 2008 மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. கணினித் தேர்வு முழுக்கக் கட்டற்ற மென்பொருளிலேயே நடந்தது. எழுதியவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர்.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தப்பாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. “கேரளம் லினக்ஸுக்கு மாறியதால் காசு மிச்சம்” என்பதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். உரிமக் கட்டணம் மிச்சம்தான். அதைவிடப் பெரிய லாபம், வாத்தியார்களே அதைப் பிரித்துப் போட்டு, தங்களுக்கு வேண்டியபடி திரும்பக் கட்ட முடிந்தது. லினக்ஸிலேயே முதலில் டெபியன் என்ற வகையை வைத்து, பிறகு உபுண்டு என்ற வகையை வைத்து, தங்கள் பாடநூலுக்கு ஏற்ற ஒரு தனிப் பதிப்பையே உருவாக்கினார்கள். கணக்குக்கு ஜியோஜீப்ரா, வேதியியலுக்குக் கால்சியம் (Kalzium) என்ற நிரல், படம் வரைய கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும், எழுத லிப்ரே ஆபீஸ், வரைபடத்துக்குக் கியூஜிஸ் என எல்லாம் ஒரே டிவிடியில். பழைய மெஷின், புது மெஷின் எதுவாக இருந்தாலும் டிவிடியைப் போட்டால் மாநிலம் முழுக்க ஒரே திரை. இடுக்கியிலும் காசர்கோட்டிலும் பிள்ளை பார்ப்பது ஒன்றே. பாடநூலில் “இடது பக்கம் மேலே இருக்கும் பொத்தானை அழுத்தவும்” என்று எழுதினால் எல்லாப் பள்ளியிலும் அந்தப் பொத்தான் அங்கே இருக்கும். கணினி வகுப்பு எடுத்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

பரீட்சை

இப்போது முக்கியமான இடம். 2005இல் எஸ்.எஸ்.எல்.சி.யில் தகவல் தொழில்நுட்பம் கட்டாயத் தேர்வானது. மொத்தம் 50 மதிப்பெண், அதில் 10 வகுப்பு மதிப்பீட்டுக்கு. மதிப்பெண் எவ்வளவு என்பது அவ்வளவு பெரிய சமாசாரம் இல்லை. தேர்வு நடக்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

தாளும் பேனாவும் இல்லை. பிள்ளை லேபுக்குள் வந்து ஒரு மெஷின் முன்னால் தனியாக உட்காரும். பதிவு எண்ணைத் தட்டினால் மென்பொருள் கேள்வியை எடுத்துப் போடும். சின்னச் சின்னக் கேள்விகளுக்குத் திரையிலேயே விடை. அப்புறம் செய்முறை. ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு கேள்வி வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். “ஒரு சுவரொட்டி வரைக” என்று வந்தால் இங்க்ஸ்கேப்பைத் திறந்து வரைய வேண்டும். முடித்ததைத் தன் பதிவு எண்ணையே பெயராக வைத்து, ‘எக்ஸாம் டாகுமெண்ட்ஸ்’ என்ற ஃபோல்டரில் சேமிக்க வேண்டும். கடைசி வரி கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் கோப்பை எங்கே சேமித்தோம் என்று தெரியாமல் முழித்த தலைமுறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு வரிக்காகவே ஒரு பரீட்சை வைக்கலாம்.

இப்படி ஒரு தேர்வு வந்துவிட்டால் பூட்டு என்ன ஆகும்? மதிப்பெண் குறைந்தால் பெற்றோர் பள்ளி வாசலுக்கு வருவார்கள். லேபில் நான்கு மெஷின் மட்டும் இருந்தால் இருநூறு பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து முடிக்க முடியாது. ஆகவே தலைமையாசிரியர் பஞ்சாயத்துத் தலைவரைப் போய்ப் பார்ப்பார், பழைய மாணவர்களைக் கூப்பிடுவார். “கெட்டுப்போனா யார் பொறுப்பு” என்ற பயத்தைவிட, “தேர்வில் ஃபெயிலானா யார் பொறுப்பு” என்ற பயம் பெரிதாகிவிட்டது. பயத்தைப் பயத்தால் எடுத்தார்கள் என்று சொல்லலாம். அழகான கல்விக் கொள்கை இல்லைதான், ஆனால் வேலை செய்தது.

நம் பக்கம் 2011 முதல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுத்தோம். கல்லூரிக்குப் போன எத்தனையோ வீடுகளில் அதுதான் முதல் கணினி, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நம் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணினிக்கென்று தனித் தேர்வு கிடையாது. நாம் பிள்ளையின் கையில் கொடுத்தோம், அவர்கள் பள்ளியின் கால அட்டவணையில் வைத்தார்கள். இரண்டும் வேறு வேறு வேலை.

வாத்தியார்கள்

எஸ்.ஐ.டி.சி. என்ற சொல்லைக் கேரளத்தில் எந்த உயர்நிலைப் பள்ளி ஆசிரியரிடம் சொன்னாலும் ஒரு பெருமூச்சோ ஒரு சிரிப்போ வரும். பள்ளி ஐ.டி. ஒருங்கிணைப்பாளர் என்பதன் சுருக்கம். இது தனிப் பதவி இல்லை. கணக்கு எடுக்கிறவர், மலையாளம் எடுக்கிறவர், சமூக அறிவியல் எடுக்கிறவர், இப்படி யாரோ ஒருவர் தலையில் இது கட்டப்படும். கேரளம் உயர்நிலைப் பள்ளிகளுக்குத் தனியாகக் ‘கம்ப்யூட்டர் வாத்தியார்’ என்று ஆளெடுக்கவில்லை. இருக்கிற ஆசிரியர்களையே பயிற்சி கொடுத்து மாற்றினார்கள். பயிற்சி கொடுத்தவர்களும் வெளியாட்கள் இல்லை, பள்ளிகளிலிருந்து அயல்பணியில் வந்த ஆசிரியர்கள். மாஸ்டர் டிரெய்னர் என்று பெயர். கோடை விடுமுறையில் மாவட்ட மையத்தில் உட்கார்ந்து, நேற்று வரை தானும் மவுஸைப் பார்த்துப் பயந்த ஒருவர், இன்று பயப்படுகிற இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பார். எந்த இடத்தில் கை நடுங்கும் என்று அவருக்குத் தெரியும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. வேலைப் பளு. தன் பாடத்தை எடுத்துவிட்டு, லேபையும் பார்த்து, பியூஸ் போன யு.பி.எஸ்.ஸையும் பார்த்து, தேர்வு நாளில் மென்பொருளை ஒவ்வொரு மெஷினிலும் ஏற்றி... ஊதியமில்லா உழைப்பின் மேல்தான் இந்தத் திட்டத்தின் “குறைந்த செலவு” நிற்கிறது. கணக்குப் புத்தகத்தில் இது எங்கும் ஏறாது.

ஆனால் கிடைத்த பலனும் அங்கேயேதான். கணினியைக் கணினி வாத்தியார் மட்டும் தொட்டிருந்தால் அது ஒரு தனிப் பாடமாக மூலையில் கிடந்திருக்கும். கணக்கு வாத்தியார் தொட்டதால், ஜியோஜீப்ராவில் ஒரு முக்கோணம் போட்டு, ஒரு முனையைப் பிடித்து இழுத்துக் காட்ட முடிந்தது. முக்கோணம் எப்படி நெளிந்தாலும் மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை 180ஐ விட்டு நகராமல் திரையில் நிற்கும். கரும்பலகையில் நாற்பது முக்கோணம் வரைந்தாலும் இது வராது. புவியியல் வாத்தியார் சன்கிளாக் என்ற சின்ன நிரலைத் திறந்து, இந்த நேரத்தில் உலகில் எங்கே பகல், எங்கே இரவு என்று காட்டிவிட்டு நேர மண்டலத்துக்குப் போனார்.

மெஷின் பழுதானால் என்ன செய்வது? அதற்கும் வழி கண்டார்கள். ஆங்காங்கே ‘ஹார்டுவேர் கிளினிக்’ நடத்தினார்கள். அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் செத்துக்கிடக்கும் சி.பி.யு.க்களை ஒரே இடத்துக்குத் தூக்கி வந்து ஆசிரியர்களே பிரித்துப் பார்ப்பார்கள். மூன்று மெஷினின் உறுப்பை எடுத்து இரண்டு மெஷினை எழுப்புவது மாதிரியான வேலை. பிற்பாடு மொத்தமாக வாங்கத் தொடங்கியபோது ஐந்தாண்டு உத்தரவாதத்தையும், பழுதைச் சரிசெய்யத் தாமதித்தால் கம்பெனிக்கு அபராதத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். அரசு கொள்முதலில் விலையைப் பார்ப்பதற்கு எல்லோருக்கும் தெரியும், நாலாவது வருடத்தைப் பார்ப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

3,000 கோடி மிச்சமா?

2019இல் ஒரு செய்தி பரவலாக ஓடியது. பள்ளிகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளில் உபுண்டு 18.04ஐ ஒட்டிய புதிய பதிப்பு ஏறுகிறது, இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று. வகுத்துப் பாருங்கள். ஒரு மெஷினுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் மென்பொருள். மெஷினின் விலையைவிட அது பல மடங்கு. இங்க்ஸ்கேப்புக்குப் பதில் என்ன, கியூஜிஸுக்குப் பதில் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் விலையுள்ள மாற்றைப் போட்டுக் கூட்டினால் அந்தத் தொகை வரலாம். ஆனால் எந்த அரசும் பள்ளிப் பிள்ளைக்கு அதையெல்லாம் வாங்கிக் கொடுத்திருக்காது. இது செலவழிக்க வாய்ப்பே இல்லாத காசை மிச்சம் பிடித்த கணக்கு. மிச்சம் உண்மை, தொகையை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. இந்தத் திட்டத்துக்கு இப்படி ஒரு பெரிய எண் தேவையே இல்லை என்பது என் வருத்தம்.

உண்மையில் செலவான தொகையைப் பார்த்தால் இன்னும் சுவாரசியமாக இருக்கும். 2017இல் ஐ.டி. அட் ஸ்கூல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2018 ஜனவரியில் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தில் எட்டு முதல் பன்னிரண்டு வரை 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப், புரொஜெக்டர், ஸ்பீக்கர். கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியமான கிஃப்பி வழியாக ஒதுக்கியது 493.5 கோடி. வகுப்பறைக்குச் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். நாற்பது பிள்ளைகள் உட்காரும் வகுப்பு, ஐந்து வருடம் ஓடும் பொருள் என்று வைத்துக்கொண்டால் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 550 ரூபாய். ஒரு புத்தகப் பைக்கான காசு.

இந்தக் காலத்திலேயே கீழ் வகுப்புகளுக்கும் கணினி இறங்கியது. ஒன்று முதல் நாலு வரைக்கான புத்தகத்தின் பெயர் ‘களிப்பெட்டி’. நம் ஊர்க்காரருக்குக் கேழ்வரகுதான் ஞாபகம் வரும். மலையாளத்தில் களி என்றால் விளையாட்டு. விளையாட்டுப் பெட்டி.

குட்டிக்கூட்டம்

2018இல் வந்த ‘லிட்டில் கைட்ஸ்’ இந்தத் திட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அதற்கு முன்னால் ‘ஹாய் ஸ்கூல் குட்டிக்கூட்டம்’ என்ற பெயரில் ஓடியது, அந்தப் பெயரை ஏன் மாற்றினார்கள் என்று இன்னும் எனக்கு வருத்தம். உயர்நிலைப் பள்ளிகளில் தேர்வு வைத்து எடுக்கும் மாணவர் மன்றம். அனிமேஷன், நிரலாக்கம், வன்பொருள், மின்னணுவியல் எல்லாம் கற்றுக்கொள்வார்கள். எஸ்.ஐ.டி.சி.யின் சுமையில் ஒரு பங்கையும் இவர்கள் தாங்குகிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் புரொஜெக்டர் கேபிளைச் சரிசெய்ய, வாத்தியார் பக்கத்தில் நின்று பார்க்கும் காட்சி அங்கே சாதாரணம். 2022இல் அம்மாக்களுக்கு இணையப் பாதுகாப்பு பற்றி வகுப்பெடுத்ததும் இந்தப் பிள்ளைகள்தான். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக் கூடாது என்று பிள்ளை சொல்ல, அம்மா நோட்டில் எழுதிக்கொள்கிற வகுப்பு.

எங்கே இடறியது

2020 ஜூன் 1 அன்று, கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, விக்டர்ஸ் தொலைக்காட்சியில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. விக்டர்ஸ் 2005இல் அப்துல் கலாம் தொடங்கி வைத்த கல்வி அலைவரிசை. பதினைந்து வருட முதலீடு அன்றைக்குப் பயன்பட்டது என்று எல்லோரும் பெருமைப்பட்ட அதே நாளில், மலப்புறம் மாவட்டத்தில் வகுப்பைப் பார்க்க வழியில்லாத ஒரு மாணவி உயிரை விட்டாள். வீட்டில் டி.வி. பழுது, ஸ்மார்ட்போன் இல்லை. டி.வி.யோ இணையமோ எட்டாத பிள்ளைகள் 2.61 லட்சம் பேர் என்று அரசின் கணக்கெடுப்பே சொல்லியிருந்தது. பள்ளிக்குள் எல்லாம் சமமாக்கிவிட்ட திட்டத்துக்கு, பள்ளி வாசலுக்கு வெளியே ஒரு அங்குலம் கூடக் கை நீளவில்லை. அதன் பிறகு டி.வி.க்களும் போன்களும் சேகரித்துக் கொடுத்தார்கள், வாசகசாலைகளில் பொதுவாக வைத்தார்கள். இடுக்கி, பாலக்காட்டுத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கான வகுப்புகள் அதற்குப் பிறகே ஒழுங்குக்கு வந்தன.

இன்னொரு இடறல், பரீட்சையின் மறுபக்கம். மாதிரிக் கேள்விகள் முன்கூட்டியே வெளிவருகின்றன. பிள்ளைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்து, “மூணாவது மெனு, அஞ்சாவது வரி” என்று விரலுக்கு மனப்பாடம் ஏற்றிக்கொள்கிறார்கள். பூட்டைத் திறந்த அதே சாவி, திறந்த பிறகு வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

இதே காலத்தில் வேறு பாதையில் போன நாடு பெரு. பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்று 2008 முதல் 8 லட்சத்துக்கும் மேல் பச்சை வெள்ளைப் பெட்டிகளை வாங்கிக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 319 பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. கணக்கிலும் வாசிப்பிலும் வித்தியாசம் ஏதும் காணவில்லை. மெஷின் மோசம் என்று சொல்ல முடியாது, உறுதியான சின்னப் பெட்டி. ஆசிரியருக்கான பயிற்சி 40 மணி நேரம்தான், அநேகப் பள்ளிகளில் இணையமும் இல்லை. பெட்டி வந்தது, அதைச் சுற்றி வேறு எதுவும் வரவில்லை.

அதற்காகக் கேரளத்தை அப்படியே எடுத்து வேறு ஊரில் நட்டுவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளையும் பத்தாம் வகுப்பு வரை வந்துவிடுகிற மாநிலம் அது. ஆசிரியர் சங்கம் பாடநூலில் என்ன மென்பொருள் என்று சண்டை போடுகிற ஊர். 2001இல் ஐக்கிய ஜனநாயக முன்னணி, 2006இல் இடதுசாரிகள், 2011இல் மறுபடி அவர்கள், 2016இல் மறுபடி இவர்கள் என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. மாறி வந்த யாரும் முந்தியவர் வைத்த பலகையைக் கழற்றித் தூக்கிப் போடவில்லை. நம் பக்கத்து வாசகர்களுக்கு இது ஒன்றுதான் நம்பக் கஷ்டமாக இருக்கும்.

2025 ஜூன் முதல் பத்தாம் வகுப்பில் எல்லோருக்கும் ரோபாட்டிக்ஸ் பாடம். ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகை, சர்வோ மோட்டார், அகச்சிவப்பு உணரி, ஜம்பர் வயர்கள் அடங்கிய பெட்டி. கையை நீட்டினால் கிருமிநாசினி தானாக ஊற்றும் கருவியைப் பிள்ளைகள் செய்ய வேண்டும். அந்த ஆண்டு படித்தவர்கள் 4.3 லட்சம் பேர், பள்ளிகளுக்குப் போயிருந்த பெட்டிகள் 29,000. ஒரு பெட்டிக்குப் பதினைந்து பேர். வயரைச் செருகுவது இரண்டு பேர் என்றால், மீதிப் பதின்மூன்று பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நாங்கள் அந்தப் பூப்போட்ட உறை மெஷினைச் சுற்றி நின்ற மாதிரியே.